மெட்டியில் கட்டிய கம்பி

ஈயம் உருகுகிற வாசனை இன்றைக்கும் வீட்டுக்குள் நிற்கிறது. ஈயத்தின் நடுவில் இருக்கிற பிசின் கருகிப் புகைகிற வாசனை. நீ இருந்தபோது இதற்கு முகத்தைச் சுளிப்பாய். "சாமிக்கு சாம்பிராணி போட நாதியில்ல, உன் மேஜைக்கு மட்டும் மூணு வேளையும் பூசை நடக்குது" என்பாய். சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிடுவாய். இப்போது நான் ஜன்னலைத் திறப்பதில்லை. புகை அதுவாகவே எப்போது போகிறதோ அப்போது போகட்டும்.

மேஜையின்மேல் உன் சோப்பு டப்பா திறந்திருக்கிறது. ரோஸ் நிறம் வெளுத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய கருப்புக் குச்சி, பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஸ்டேஷன் திருப்புகிற கேங், ஒரு பென்சில் செல், நடுவில் அந்த மூன்று கால் ஐசி. புளியங்கொட்டையில் பாதிகூட இருக்காது. தெரியாதவன் பார்த்தால் சாதாரண டிரான்சிஸ்டர் என்பான். அந்தக் கறுப்புப் பொட்டுக்குள் ஒரு ரேடியோவின் முக்கால் பங்கு வேலையும் இருக்கிறது என்று உனக்குச் சொன்னேன். "மீதி கால் பங்கு?" என்று கேட்டாய். "நீதான், கேக்கறதுக்கு" என்றேன். அதற்குச் சிரித்தாய். நான் சொல்லி நீ சிரித்தவை கொஞ்சம்தான். அதனால் நினைவிருக்கிறது.

இந்தப் பெட்டியை நான் ஏன் செய்தேன் என்பதை உனக்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நம் மகன் அதை மறந்துவிட்டான், அல்லது மறந்ததுபோல் இருக்கிறான். நீ உப்பளத்தில் பாத்தி பாத்தியாக உப்பு வாரிய வருஷங்களில் உனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. காலையில் ரேடியோவில் ஒரு அம்மா செய்தி வாசிப்பதைக் கேட்க வேண்டும். செய்திகூட அல்ல, அந்தக் குரல். "இன்னிக்கு அந்தம்மாவுக்குத் தொண்ட கட்டியிருக்குதுய்யா", "இன்னிக்கு வீட்ல எதுனா சண்ட போல, வெடுக்கு வெடுக்குன்னு படிக்குது" என்று பார்க்காத ஒருத்தியின் குடும்பத்தை எனக்கு நீ தினமும் சொல்வாய். போன் கொண்டுபோனாய், உப்புத் தண்ணீர் அதைத் தின்றது. பாக்கெட் ரேடியோ வாங்கித் தந்தேன். அது செல்லைத் தின்றது, அதன் ஸ்பீக்கரை உப்புக்காற்று தின்றது. அப்புறம்தான் இந்த ஐசியைப் பற்றிப் படித்தேன். ஒரு செல் போட்டால் ஒரு பருவம் முழுக்க ஓடும். அவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிற ரேடியோ வேறு கிடையாது.

படித்தேன் என்றால் எங்கே படித்தேன்? உப்பளத்துத் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் ஓட்டுகிறவனுக்கு யார் ரேடியோ சொல்லித் தருவார்கள்? பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்கள். ஆங்கிலம் புரியாது, படம் புரியும். கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கு எந்தப் பாஷையும் வேண்டாம். எத்தனையோ முறை தப்பாக வைத்துக் கருக்கிக் கற்றுக்கொண்டது. அதனால் யார் வந்து எனக்குப் புத்தி சொன்னாலும் கேட்க மாட்டேன். உனக்கும் அது தெரியும்.

ஆனால் என் காதைப் பற்றி உனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்றதில் சன்னமான சத்தம் எதுவும் எனக்குக் கேட்பதில்லை. ஆள் பேசினால் கேட்கும். கொசு கேட்காது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வரும் சீறல் கேட்காது. உன் மெட்டிச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது, நான் அதைச் சொல்லவே இல்லை. நீயே கண்டுபிடித்தாய். அதற்குப் பிறகு நான் குச்சியில் காயில் கம்பியைச் சுற்றினால் இயர்போன் உன் காதில் இருக்கும். "இரையுது" என்பாய். நான் கேங்கைத் திருப்புவேன். "இரையுது... இன்னும் இரையுது... இருய்யா, இரு, ஆளு வந்துட்டாங்க!" அந்த "ஆளு வந்துட்டாங்க" என்கிற வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை பெட்டிகளைச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டில் வந்த ஆள் உப்பளத்தில் சரியாக வரவில்லை. நிலையம் தூரம். எர்த் கொடுத்தால் பிடிக்கும் என்று ஒரு நீளமான கம்பியை வரப்பில் ஆணி அடித்துக் கட்டினேன். நீ உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டு நடக்க நடக்க கம்பி காலைச் சுற்றியது. ஒருநாள் குப்புற விழப் பார்த்தாய். பவுனு ஓடிவந்து பிடித்தாள். உன்கூடவே உப்பு வாரியவள், உன்னைவிட இரண்டு மடங்கு வாய். "அண்ணா, ரேடியோ கேக்க வெக்கிறியா, இல்ல பொண்டாட்டிய கட்டிப் போட்டு வெக்கிறியா?" என்று பாத்தி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கோபித்துக்கொண்டு இன்ஜின் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் நீ வந்து சொன்னாய். "நான்தான் காலையிலேர்ந்து தண்ணியிலேயே நிக்கிறேனே. என்ன விட வேற எர்த்து இன்னாத்துக்கு?"

அப்படிச் சொல்லிவிட்டு அந்தக் கம்பியைக் கணுக்கால் வழியாக இறக்கி உன் கால்விரல் மெட்டியில் சுற்றினாய். மறுநாள் பாத்திக்குள் இறங்கியதும் உன் முகம் மாறியதை நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். என் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தாய், சோப்பு டப்பா அதன் பையில், இயர்போன் தலைத்துண்டுக்குள். அங்கிருந்தே கையைத் தூக்கி ஆட்டினாய். உப்புப் பாத்தியைப் போல எர்த் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. நீ நின்றுகாட்டினாய். வெள்ளி மெட்டி உப்பில் கறுத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் புளி போட்டுத் தேய்ப்பாய்.

இன்னொன்றும் செய்தேன். ஈரக் கையால் கேங்கைத் தொட்டுத் தொட்டு நிலையத்தை நகர்த்திவிடுகிறாய் என்று, அந்த அம்மா வருகிற இடத்தில் வைத்து, திருகுக் குமிழைப் பிடுங்கிவிட்டு மெழுகு ஊற்றி அடைத்தேன். "இனிமே எங்கயும் போவாது" என்றேன். "எனக்கு எங்க போவணும்" என்றாய். அந்த மெழுகு இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன் படுக்கைக்குப் பக்கத்தில் இந்த டப்பா இருந்தது. நாலு பக்கமும் கான்கிரீட், கட்டில் இரும்பு. கடைசி நாட்களில் உன்னால் அதிகம் பேச முடியவில்லை. காலையில் இயர்போனை நீட்டினால் வாங்கிக் காதில் வைத்துக்கொள்வாய். சற்றுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். பிறகு தலையை ஆட்டுவாய்.

"ஆளு வரலய்யா."

"கட்டடத்துக்குள்ள வராது."

"இங்க எர்த்து இல்ல. தண்ணிக்குப் போனா கேக்கும்."

"வூட்டுக்குப் போயிட்டு கேக்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? ஆடி மாசக் காற்று வெளியே மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நீ வீட்டுக்கு வந்தாய், ஆனால் கேட்பதற்கு வரவில்லை. பவுனுதான் உன் மெட்டியைக் கழற்றி, துண்டில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

பல மாதம் அந்த டப்பாவை நான் திறக்கவில்லை. பங்குனியில் மகன் வந்து உன் முதல் வருஷப் படையலைப் பற்றிப் பேசினான். என்ன சமைப்பது, யாரைக் கூப்பிடுவது. "அம்மாவுக்குப் பிடிச்சது எல்லாம் வெக்கணும் நைனா" என்றான். உனக்குப் பிடித்தது என்று ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. உன் படத்துக்கு முன்னால் இந்தப் பெட்டி பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்காமல் போன குரல் அன்றைக்காவது வர வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்று திறந்தேன். செல் கசிந்து பச்சை பூத்திருந்தது. அது போகட்டும், வேறு செல் போடலாம். ஆனால் ஐசியின் நடுக்காலை உப்பு அரித்து, உடம்போடு ஒட்ட முறிந்திருந்தது. ஈயம் வைக்கக்கூட ஒரு நூல் நீளம் மிச்சமில்லை. அது எப்போது முறிந்தது? நான் பூட்டி வைத்திருந்த மாதங்களிலா, நீ ஆஸ்பத்திரியில் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாயே, அதற்கும் முன்னாலா? கட்டடத்தின்மேல் பழியைப் போட்டேனே? இதைக் கேட்க யாரும் இல்லை.

மூன்று கால் ஐசி ஒன்று வேண்டும். அவ்வளவுதான். உப்பு வாங்குகிற மாதிரி வாங்கிவிடலாம் என்று நினைத்துப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரப் பையன் நம்பரைக் கேட்டான், கம்ப்யூட்டரில் தட்டினான், பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினான். அடுத்த கடையில் "ரேடியோவா? இப்ப யாருங்க ரேடியோ செய்றாங்க? புளூடூத் போர்டு தரட்டுமா?" என்றார்கள். வேண்டாம் என்றேன். ஒரு சந்துக்குள் இருந்த கடையில் மட்டும் பெரிய டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். அதே உருவம், அதே நம்பர்.

வந்து வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சந்தேகம் வந்தது. நகப்பூச்சு துடைக்க மருமகள் வைத்திருக்கிற தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஐசியின் முகத்தைத் துடைத்தேன். நம்பர் கரைந்து பஞ்சில் வந்துவிட்டது. அடியில் வேறொரு நம்பர். எங்கேயும் குப்பையாகக் கிடைக்கிற சாதாரண டிரான்சிஸ்டர்! முகத்தை அழித்து வேறு பெயர் எழுதி விற்கிறார்கள். உன்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் கடைக்காரனின் அப்பன் பாட்டன் வரைக்கும் போயிருப்பாய். நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகன் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியில் வேலை பார்க்கிறான் அல்லவா, அவன் எல்லாவற்றுக்கும் போனில் ஒரு வழி வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, என் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தான். அந்த அம்மா செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அதே குரல்.

"அதே ஸ்டேஷன் நைனா. ஆப்ல வருது. படையல் அன்னிக்கி இத்தையே வெச்சிடலாம். நீ இன்னாத்துக்கு வெயில்ல அலையற?"

"அது டவர்ல வர்றது."

"டவர்ல வந்தா இன்னா? அதே அம்மாதான?"

"உங்கம்மா டவரக் கேட்டதில்ல" என்றேன்.

அவன் மருமகளைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். அவர்களுக்கு நான் கிறுக்கன். இருக்கட்டும். இப்படிச் சொன்னால் புரிகிறதா பார்: நீ ஊரில் இல்லாதபோது உன் போட்டோவை அனுப்பினார்கள் என்றால் அது நீயா? காற்றில் வந்து, உன் தலையைத் தொட்டு, உடம்பு வழியாக இறங்கி, மெட்டி வழியாகத் தண்ணீருக்குப் போன குரல் அது. அதைத்தான் நீ கேட்டாய். அவனுக்கு இதை எந்தப் படம் போட்டு விளக்குவது?

ஆனால் அன்று ஒன்று தெரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். அந்த அம்மா இருக்கிறார், வாசிக்கிறார். ஆகவே குறை என் பெட்டியில்தான், பெட்டியில் குறை என்றால் ஐசியில்தான். இதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சென்னைக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் மட்டுமே இருக்கிற அந்தத் தெருவில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மாடியில் ஒரு சின்னக் கடை. கண்ணாடி போட்ட ஒருவர், என் வயசில் பாதி இருக்கும், டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க பெரியவரே. இந்த ஐசி ஒரிஜினலே எங்கிட்ட இருக்கு. கடைசி சரக்கு. இது போனா அப்புறம் நானே உங்கள மாதிரி தேடணும்."

கைநிறைய வாங்கிவந்தேன். வந்தவுடன் நகப்பூச்சுத் தண்ணீரால் ஒன்றைத் துடைத்தேன். நம்பர் அழியவில்லை. இன்னும் கெட்டிக்காரனாக ஏமாற்றுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் ஒவ்வொன்றாக ஈயம் வைத்து, காலையில் செய்தி நேரத்தில் உன் பாத்திக்கே போய், கம்பியில் உன் மெட்டியைக் கட்டித் தண்ணீரில் போட்டு நின்றேன். ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு காலையும் வேறு ஒன்று. ஒவ்வொரு காலையும் அதே அமைதி. கோபத்தில் பிடுங்கிப் பாத்திக்குள் விட்டெறிந்தேன். பவுனு பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள், "இன்னா அண்ணா வெதக்கிற? நாளைக்கி எவனாவது சோத்துல கடிச்சிட்டு பல்லு போச்சின்னு வந்து நிப்பான்."

"உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கறேன். நீதான் அதுல குப்ப போடற."

மறுபடி சென்னை. அதே மாடி. கண்ணாடிக்காரரிடம் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"வேலை செய்யலியா? எந்த ஸ்டேஷன் வெச்சுப் பாத்தீங்க?"

"எப்பவும் கேக்கற ஸ்டேஷன்."

"வேற ஸ்டேஷன் எதுனா வெச்சுப் பாத்தீங்களா?"

"என் பொண்டாட்டி வேற ஸ்டேஷன் கேக்க மாட்டா."

கடையில் நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. "அந்த மெழுக எடுத்துட்டு ஒரு தடவ திருப்பிப் பாருங்களேன்" என்று மெல்லச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. போலியை விற்றுவிட்டு என் மெழுகைக் குறை சொல்கிறானா? டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மகன் கடைசியில், என் வாயை அடைக்கவோ என்னவோ, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான். எந்த ஊர் என்று அவனுக்கே தெரியாது. பார்சல் வருவதற்குள் சித்திரை போய் வைகாசி போய் ஆனியும் முடியப் போனது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு. முதலாவதை வைத்தேன், பாத்திக்குப் போனேன், இல்லை. இரண்டாவதை வைத்தேன். இது போனால் வேறு இல்லை. படையலுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அன்று காலை உன் பாத்தியில் இறங்கி நின்றேன். காற்று அடித்தது. தண்ணீர் கணுக்காலில் சுட்டது. செய்தி நேரம். இயர்போனைக் காதுக்குள் அழுத்தினேன். இல்லை. இடது காதுக்கு மாற்றினேன். இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். பிடுங்கி எறியக்கூட மனசு வரவில்லை. பாத்தியில் நின்றுகொண்டு ஒரு கிழவன் அழுதான் என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

பவுனு பலகையைப் போட்டுவிட்டு வந்தாள். "குடு இங்க" என்றாள். என் காதிலிருந்து இயர்போனை உருவித் தலைத்துண்டுக்குள் விட்டுக்கொண்டாள். நீ வைக்கிற மாதிரியே. அவளுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? எத்தனை வருஷம் உன் பக்கத்தில் நின்றவள்.

"கேக்குதே" என்றாள்.

"இன்னா கேக்குது?"

"இரையுது அண்ணா. நல்லாத்தான் இரையுது. கடல் மாரி." அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்சநேரம் கேட்டாள். "இரையுது. ஆளுதான் வரல."

இரைகிறது என்றால் ஐசி உயிரோடு இருக்கிறது. காயில் சரி. எர்த் சரி. எல்லாம் சரி. அந்தப் பக்கம்தான் யாரும் இல்லை. சன்னமான அந்த இரைச்சல் என் காதுக்கு எட்டாது. நீ இருந்திருந்தால் முதல் நாளே, முதல் ஐசியிலேயே சொல்லியிருப்பாய். நான் பாத்தியில் விட்டெறிந்தவை போலிகள் அல்ல.

சாயங்காலம் மகன் போனில் தேடினான். அங்கே இங்கே யாரையோ கேட்டான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"மீடியம் வேவ்ல அத நிறுத்திட்டாங்களாம் நைனா. இனிமே ஆப்ல மட்டும்தானாம்."

"எப்ப நிறுத்தினாங்க?"

"தெரியல. ஒருத்தர் போன வருஷமே இல்லன்றார். ஒருத்தர் இப்பத்தான்றார்."

"போன வருஷம் எப்போ? ஆடிக்கு முன்னாலயா பின்னாலயா?"

"தெரியல நைனா."

அந்த அம்மா இன்னும் வாசிக்கிறார். ஆனால் காற்றில் இல்லை. பாத்தியில் நிற்கிற ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாளே, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருக்கலாம், நாங்கள் கேட்காமல் போயிருக்கலாம், இருக்கலாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீ கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு "ஆளு வரலய்யா" என்றாயே, அது கான்கிரீட்டா, முறிந்த காலா, அல்லது அப்போதே அங்கே யாரும் இல்லையா? நீ சரியாகத்தான் கேட்டாயா? நான்தான் உன்னிடம் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று இல்லாத ஒன்றைச் சொன்னேனா? முதலில் பழியைக் கட்டடத்தின்மேல் போட்டேன், பிறகு ஐசியின் காலின்மேல் போட்டேன், பிறகு கடைக்காரர்கள்மேல் போட்டேன். இப்போது போட இடமில்லை.

சென்னைக் கடைக்காரரிடம் நான் போகவில்லை. என்னவென்று போய்ச் சொல்வது?

"மெழுக எடுத்துட்டுத் திருப்பு நைனா" என்றான் மகன். "சாயங்காலம் ஆனா எதுனா ஸ்டேஷன் கெடைக்கும். இலங்கையோ எதுவோ. படையல் அன்னிக்கி டப்பா பேசினா போதும்ல?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் உன் படத்துக்கு முன்னால் யாரோ ஒருவனைப் பேச வைத்து, இதோ வந்துவிட்டார்கள் என்று உனக்கு நான் காட்ட வேண்டுமா? அந்தப் போலி ஐசியின் முகத்தில் நம்பர் எழுதினவனுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

"வேணாம்" என்றேன்.

படையல் அன்று விடிந்ததும் நான் உப்பளத்துக்குப் போனேன். எல்லாரும் வருகிற நேரத்தில் நைனா எங்கே போகிறார் என்று மருமகள் சத்தம் போட்டாள். சொம்பில் உன் பாத்தித் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தேன். உன் படம், இலை, நீ சாப்பிடுகிற நண்டுக் குழம்பு, புதுப் புடவை, பக்கத்தில் சோப்பு டப்பா. சொம்புக்குள் மெட்டியைப் போட்டு, கம்பியைக் கட்டி, செல்லைப் போட்டேன். ஆஸ்பத்திரியில் எர்த் இல்லை என்றாய். இங்கே எர்த் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று இருந்தது. வேறு என்னால் எதையும் காட்ட முடியவில்லை.

சாம்பிராணி போட்டார்கள். ஈயம் வைக்கிற வாசனைதான் வந்தது. மகன் போனைக் கையில் வைத்திருந்தான். செய்தி நேரம் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பவுனு முன்னால் வந்து, டப்பாவிலிருந்து இயர்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, உன் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லா இரையுதுடி."

இயர்போனை உன் படத்து மாலையில் மாட்டினாள்.

அது முடிந்து நாட்கள் ஓடிவிட்டன. உப்பு அரிக்கிற ஐசிக் கால்களுக்கு இன்று திரும்ப ஈயம் பூசினேன், அதுதான் இந்தப் புகை. பூசி முடித்ததும் டப்பாவை மூடி, நீ உப்பளத்தில் போட்டிருந்த என் பழைய முழுக்கைச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டையைத்தான் நான் இப்போது போடுகிறேன். பை ஓரத்தில் உப்பு ஏறி விறைத்திருக்கிறது, துவைத்தாலும் போகவில்லை. பெட்டியை நான் அணைப்பதில்லை. பையில் கை வைத்தால் சூடில்லை, அசைவில்லை, எனக்குச் சத்தமும் இல்லை. அது இரைகிறதா என்று தெரிந்துகொள்ள நான் அளம் வரைக்கும் நடந்து பவுனுவிடம் நீட்ட வேண்டும். அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறாள். சில நாள் "இன்னிக்கும் ஆளு இல்ல அண்ணா" என்கிறாள், நான் கேட்காமலே.

இந்த ஐசி சாப்பிடுவது மிகக் கொஞ்சம். ஒரு செல்லில் ஒரு பருவம் காத்திருக்கும். செல் தீர்ந்தால் வேறு போடுவேன். மெழுகை உடைக்க மாட்டேன்.